பனி கொட்டும் ஊரில் வீட்டுக்குள் வெள்ளமா?

வெள்ளம் என்றால் நமக்கு மழைதான் நினைவுக்கு வரும். ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கிளந்தான், திரெங்கானு செய்திகளைத் தேட ஆரம்பித்துவிடுவோம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வானம் இருட்டும், மழை கொட்டும், கால்வாய் நிரம்பும், பிறகு வீட்டுக்குள் தண்ணீர். இந்த வரிசை நமக்கு மனப்பாடம்.

அதனால்தான் எங்கள் காலை நிகழ்ச்சிக்கு ஓர் அம்மா அனுப்பிய குரல் பதிவு நிலையத்தில் எல்லாரையும் யோசிக்க வைத்தது. மகள் கனடாவில், டொரொண்டோவில் படிக்கிறாராம். "அங்க மைனஸ் பதினஞ்சு. வெளியில எல்லாம் கல்லு மாதிரி உறைஞ்சு கெடக்குதாம். ஆனா ரூமுக்குள்ள கணுக்கால் அளவு தண்ணின்னு சொல்றா. உறைஞ்ச ஊர்ல தண்ணி எங்கிருந்துப்பா வரும்?" என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் சொல்லி முடிக்கிற பதில் அல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளைக் குளிர் நாடுகளுக்கு அனுப்பியிருப்பவர்களும், வேலை கிடைத்துப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் இளையவர்களும் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சுருக்கமான பதில் இதுதான்: எல்லாம் உறைந்து கிடக்கிறதே, அந்த உறைவுதான் வெள்ளத்துக்கு முதல் காரணம்.

வீட்டுக்குக் கீழே ஒரு வீடு

முதலில் அந்த அறையைப் புரிந்துகொள்வோம். கனடாவில் குளிர்காலத்தில் மண்ணே உறையும். தெற்கு ஒன்டாரியோவில் ஏறத்தாழ 1.2 மீட்டர், அதாவது நாலடி ஆழம் வரைக்கும் அந்த உறைவு இறங்கக்கூடும் என்று கணக்கிட்டுத்தான் வீடு கட்டுகிறார்கள். ஈரமண் உறையும்போது உப்பும். உப்பும் மண்ணின் மீது அஸ்திவாரம் இருந்தால் வீட்டையே தூக்கிவிடும். அதனால் அஸ்திவாரத்தை உறைவு எட்டாத ஆழத்துக்குக் கொண்டுபோகிறார்கள். எப்படியும் அவ்வளவு தோண்டியாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு தளமே கிடைக்கும். அதுதான் பேஸ்மென்ட். தமிழில் நிலவறை என்பார்கள்.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், வெந்நீர்க் கொதிகலன், மின்சாரப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பல வீடுகளில் மனிதர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஸ்கார்பரோ, மார்க்கம், பிரம்டன் பக்கம் தமிழர்கள் எவ்வளவு பேர் என்று உங்களுக்கே தெரியும். இலங்கையிலிருந்து போய் அங்கே வேரூன்றிய எத்தனையோ குடும்பங்களின் முதல் கனடா முகவரி ஒரு பேஸ்மென்ட்தான். பிறகு சொந்த வீடு வாங்கியவர்கள், வீட்டுக் கடன் கட்டக் கைகொடுக்கட்டும் என்று தங்கள் பேஸ்மென்டை அடுத்து வருபவருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நம் ஊரிலிருந்து போகும் மாணவருக்கும் கையைக் கடிக்காத வாடகை என்றால் அதுதான்.

தண்ணீர் பள்ளத்தைத் தேடும். அந்த வீட்டில் பள்ளம் என்பது உங்கள் பிள்ளை படுத்திருக்கும் கட்டில்.

தண்ணீர் வரும் நான்கு வழிகள்

முதல் வழி, வெடிக்கும் குழாய். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுகிறது. குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் கண்ணாடிப் போத்தலை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று நமக்கே தெரியும். குழாய்க்கும் அதே கதைதான். ஆனால் பலர் நினைப்பதுபோல் பனிக்கட்டி இருக்கும் இடத்திலேயே குழாய் வெடிக்க வேண்டும் என்பதில்லை. கட்டி வளர வளர, அதற்கும் மூடிய பைப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரில் அழுத்தம் ஏறுகிறது. பலவீனமான இடம் எதுவோ, அங்கே பிளக்கிறது. உறைந்திருக்கும் வரை ஒரு சொட்டும் வெளியே வராது. கட்டியே அடைப்பாக நிற்கும். வெயில் வந்து கட்டி உருகியதும்தான் பீறிட்டு அடிக்கும். குளிர் குறைந்த நாளில் வெள்ளம் வருவதன் மர்மம் இதுதான்.

வெளிச்சுவரை ஒட்டிய குழாய்கள், தோட்டத்துக்குப் போகும் பைப், சூடு எட்டாத சலவை அறை மூலை, இவைதான் முதலில் உறையும்.

இரண்டாவது வழி, உருகும் பனி. புதிதாக விழுந்த பனியில் பத்துக்கு ஒரு பங்குதான் தண்ணீர் என்பது தோராயக் கணக்கு. 100 சதுர மீட்டர் கூரையில் 30 சென்டிமீட்டர் பனி கிடந்தால் அது 3 சென்டிமீட்டர் தண்ணீர். பெருக்கிப் பாருங்கள், 3,000 லிட்டர் வரும். நம் தாமான் வீட்டுக் கூரைக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டிகளில் மூன்று நான்கைக் கவிழ்த்ததற்குச் சமம். குளிர் நடுவில் திடீரென்று இரண்டு நாள் வெயில் காய்ந்து மழையும் சேர்ந்தால், இது மொத்தமும் ஒன்றாக இறங்கும்.

நம் ஊர் மண்ணாக இருந்தால் ஒரு பங்கையாவது குடித்துவிடும். அங்கே மண் உறைந்து கிடக்கிறது. சிமெண்டுத் தரை மாதிரி. உள்ளே இறங்க வழியில்லாத தண்ணீர் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடும். வீட்டை நோக்கிச் சரிவு இருந்தால் சுவரோரம் தேங்கி, அஸ்திவாரத்தில் இருக்கும் மயிரிழை விரிசல் வழியாகவோ, தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் சன்னல் குழி வழியாகவோ உள்ளே வந்துவிடும். மழைநீர்க் குழாயின் வாய் பனிக்கட்டியால் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது வழி, நின்றுபோகும் பம்ப். பல வீடுகளில் பேஸ்மென்ட் தரையில் ஒரு குழி இருக்கும். அஸ்திவாரத்தைச் சுற்றிச் சேரும் தண்ணீர் அதில் வடியும். தண்ணீர் ஒரு மட்டத்துக்கு ஏறியதும் மிதவை உயர்ந்து, சம்ப் பம்ப் தானாக ஓடி, வெளியே தள்ளும். இதில் இரண்டு ஆபத்து. வெளியே போகும் குழாயின் முனை உறைந்தால் பம்ப் ஓடியும் பயனில்லை. மின்சாரம் போனால் பம்ப்பே ஓடாது. 2013 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு டொரொண்டோவைத் தாக்கிய பனிக்கட்டிப் புயலில் அந்த நகரில் மட்டும் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் இருண்டன. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் மின்சாரம் இல்லாமல் ஓடாது என்பதால், அப்படிப்பட்ட நாளில் குழாயும் உறையும், பம்ப்பும் நிற்கும்.

நான்காவது வழி, சாக்கடை. தெருவில் ஓடும் கழிவுநீர்க் குழாய் நிரம்பினால், அல்லது வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் உள்ள குழாய் அடைத்தால், அழுக்கு நீர் திரும்பி வரும். வீட்டிலேயே தாழ்வான வாய் எது? பேஸ்மென்டின் தரைத் துவாரமும் குளியலறையும்தான். பழைய பேட்டைகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. பழைய களிமண் குழாய்களுக்குள் மரவேர் புகுந்துவிடுவதும் உண்டு.

தாளிக்கும் எண்ணெய் எங்கே போகிறது?

இந்த நான்காவது வழியில் நம் சமையலறைக்கும் பங்கிருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே வந்தால் கட்டியாகிவிடும். நெய்யும் அப்படித்தான் இறுகும். ஈப்போவிலோ கிள்ளானிலோ எண்ணெய்ச் சட்டியைச் சிங்க்கில் கழுவி வளர்ந்தவருக்கு இது தோன்றவே தோன்றாது. கனடாவில் அந்த எண்ணெய் போய்ச் சேரும் குழாய் குளிர்ந்த மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிய படலம். தீபாவளிப் பலகாரம் சுட்ட எண்ணெயும் சேர்ந்தால் சனவரிக்குள் குழாயின் வாய் பாதி மூடியிருக்கும்.

வெந்நீர் ஊற்றினால் போய்விடும் என்பார்கள். போகும், அடுத்த பத்தடிக்கு. அங்கே ஆறி மறுபடியும் இறுகும். சட்டியை முதலில் பேப்பர் துணியால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். மிச்ச எண்ணெயை ஒரு பழைய டப்பாவில் ஊற்றி இறுகவிட்டு, அந்த ஊர்க் குப்பை விதிப்படி அப்புறப்படுத்துங்கள். இதற்குச் செலவு ஒரு காசுகூட இல்லை.

வைஃபை சொன்னார்கள், வால்வைக் காட்டவில்லை

என் பெரியம்மா மகள், என்னைவிட நாலு வயது மூத்த அக்கா, ஸ்கார்பரோவில் மூன்று குளிர்காலம் பேஸ்மென்டில் குடியிருந்தவர். இரண்டாவது குளிர்காலத்தில் மேல்மாடியில் இருந்த வீட்டுக்காரர்கள் ஒரு வாரம் ஊருக்குப் போனார்கள். சிக்கனமாக இருக்கட்டும் என்று சூட்டைக் குறைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெளிச்சுவரை ஒட்டி இருந்த மேல்மாடிச் சமையலறைக் குழாய் உறைந்தது. ஒரு மத்தியானம் வெயில் அடித்தது. அக்காவின் அறைக் கூரை வழியாகத் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

வீட்டுக்காரர் தொலைபேசியை எடுக்க நாற்பது நிமிடம் ஆனதாம். கட்டிலுக்கு அடியில் பெட்டி, பெட்டிக்குள் சான்றிதழ்கள். அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, குடிவந்த முதல் நாளே வைஃபை பாஸ்வேர்டு குடுத்தாங்க. குப்பை எந்தக் கிழமைன்னு சொன்னாங்க. தண்ணிய அடைக்கிற வால்வு எங்க இருக்குன்னு மட்டும் யாரும் காட்டல. அது எங்க இருந்துச்சு தெரியுமா? என் செருப்பு அலமாரிக்குப் பின்னால. அஞ்சடி தூரத்துல."

இந்த விஷயத்தில் நான் சொல்ல விரும்புவது முழுவதும் அந்த ஐந்தடியில் இருக்கிறது. வீட்டைப் பற்றித் தெரிந்தவர் மேலே இருக்கிறார். தண்ணீர் வந்து சேரும் இடத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே பேஸ்மென்ட் வாடகைக்குப் பார்க்கப் போகும் பிள்ளைகளிடம் இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். வீட்டின் முதன்மைத் தண்ணீர் வால்வு எங்கே? (பெரும்பாலும் தெருப்பக்கச் சுவரோரம், தண்ணீர் மீட்டருக்கு அருகில் இருக்கும். ஒருமுறை திருகிப் பார்க்க வேண்டும், துருப்பிடித்து இறுகியிருக்கலாம்.) மின்சாரப் பெட்டி எங்கே? சம்ப் பம்ப் உண்டா, மின்சாரம் போனால் ஓட மாற்று பேட்டரி உண்டா? சாக்கடை நீர் திரும்பாமல் தடுக்கும் பேக்வாட்டர் வால்வு உண்டா? முன்பு எப்போதாவது தண்ணீர் வந்திருக்கிறதா? தயங்க வேண்டாம். வீட்டுக்காரர் "ஏன் பிள்ளை இவ்வளவு கேட்கிறாய்?" என்று சிரித்தாலும் பரவாயில்லை.

பனி விழுமுன் செய்ய வேண்டியவை

இவை பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் ஒரு சனிக்கிழமை வேலை. வீட்டுக்காரரின் பொறுப்புதான். குடியிருப்பவர் கூட நின்று உதவினால் இருவருக்கும் நல்லது.

தோட்டத்து நீர்க்குழாயைப் பைப்பிலிருந்து கழற்றுங்கள். அந்தப் பைப்புக்கு வீட்டுக்குள் தனி வால்வு இருக்கும். அதை மூடிவிட்டு, வெளிப் பைப்பைத் திறந்து உள்ளே நிற்கும் தண்ணீரை வடியவிடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களுக்கு நுரை உறை மாட்டுங்கள். வன்பொருள் கடையில் மலிவாகக் கிடைக்கும்.

கூரைத் தாழ்வாரத்தில் சேர்ந்த இலைகளை வாருங்கள். மழைநீர்க் குழாயின் வாய் சுவரிலிருந்து 2 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். டொரொண்டோவில் இந்தக் குழாய்களைச் சாக்கடையோடு இணைத்து வைப்பதே, விலக்கு பெற்ற வீடுகளைத் தவிர, சட்டப்படி கூடாது. 2016 இறுதியில் இருந்து நகர் முழுவதற்கும் அந்த விதி பொருந்தும். பேக்வாட்டர் வால்வு, சம்ப் பம்ப் பொருத்தும் வீட்டுக்காரர்களுக்கு மாநகராட்சி மானியமும் தருகிறது. தொகையையும் நிபந்தனையையும் வீட்டுக்காரர் வேலையைத் தொடங்கும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

சம்ப் பம்ப் குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பம்ப் ஓடித் தண்ணீரை வெளியே தள்ளினால் சரி.

பனி விழ ஆரம்பித்த பிறகு, வாகனப் பாதையில் அள்ளும் பனியைச் சுவரோரம் குவிக்காதீர்கள். அங்கே குவிப்பது நாளைய தண்ணீர். சன்னல் குழிகளில் சேரும் பனியை உடனுக்குடன் அள்ளுங்கள். பம்ப்பின் வெளிக்குழாய் முனையைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடுங்குளிர் எச்சரிக்கை வரும் இரவில், வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்கின் கீழ் அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள், அறைச் சூடு குழாய்க்குப் போகட்டும். பைப்பை நூல் பிடித்தாற்போல் ஒழுகவிடுங்கள். ஓடும் தண்ணீர் எளிதில் உறையாது, அழுத்தமும் ஏறாது. ஊருக்குப் போகிறவர்கள் சூட்டை முழுவதும் அணைக்கக் கூடாது. 15 பாகைக்குக் குறையாமல் வையுங்கள். அல்லது முதன்மை வால்வை மூடிக் குழாய்களை வடித்துவிடுங்கள். கீழே ஆள் இருக்கும் வீட்டில் இரண்டாவது வழி சரிவராது. சூட்டை விட்டுவைப்பது ஒன்றே வழி. டொரொண்டோ விதிப்படி குளிர்காலத்தில் வாடகை வீட்டில் குறைந்தது 21 பாகை சூடு இருக்கவும் வேண்டும்.

தண்ணீர் வந்துவிட்டால்

பைப்பைத் திறந்தால் தண்ணீர் வரவில்லையா? குழாய் உறைந்திருக்கலாம். பைப்பைத் திறந்தே வைத்துவிட்டு, முடி உலர்த்தும் ஹேர் டிரையரால் பைப்புப் பக்கத்திலிருந்து மெல்லச் சூடாக்கிக்கொண்டு போங்கள். நெருப்பைக் காட்டவே கூடாது. வீடு எரிந்த கதைகள் உண்டு.

குழாய் வெடித்துவிட்டால் முதல் வேலை முதன்மை வால்வை மூடுவது. படம் எடுப்பது, தொலைபேசியில் அழைப்பது எல்லாம் பிறகு.

தரையில் தண்ணீர் தேங்கி, அது பிளக்கையோ மின்சாரப் பெட்டியையோ நெருங்கியிருந்தால் அதற்குள் கால் வைக்காதீர்கள். பெட்டி அதே பேஸ்மென்டில் இருந்தால், தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடக் கூடாது. வெளியேறி, மின்வாரியத்தை அழைத்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். மடிக்கணினி போனால் வாங்கலாம்.

சாக்கடை நீர் திரும்பி வந்தால் டொரொண்டோவில் 311 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். அடுத்தது பலருக்குத் தெரியாத ஒன்று. பேக்வாட்டர் வால்வு மூடிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து போகும் தண்ணீரும் வெளியேற முடியாது. அந்த நேரத்தில் மேலே ஒருவர் குளித்தாலோ துணி துவைத்தாலோ, அந்தத் தண்ணீர் கீழேதான் பொங்கும். எனவே மேலே இருப்பவருக்கு உடனே சொல்லுங்கள்: "கொஞ்ச நேரம் தண்ணீர் பாவிக்க வேண்டாம்."

தண்ணீர் வடிந்த பிறகு படம் எடுத்து வையுங்கள். நனைந்த கம்பளம், மெத்தை, சுவர்ப் பலகை எல்லாவற்றையும் வேகமாக உலர்த்த வேண்டும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பித்துவிடும். ஆஸ்துமா உள்ளவருக்கு அந்த அறையில் படுப்பதே நோய். சாக்கடை நீர் பட்ட மெத்தையைக் காயவைத்துப் பயன்படுத்த நினைக்காதீர்கள்.

யாருடைய காப்புறுதி?

வீட்டுக்காரர் எடுத்திருக்கும் காப்புறுதி அவருடைய வீட்டுக்கு. உங்கள் பிள்ளையின் மடிக்கணினிக்கும் மெத்தைக்கும் அது பொருந்தாது. வாடகைக்கு இருப்பவர் தனியாக வாடகையாளர் காப்புறுதி எடுக்க வேண்டும். அதிலும் சாக்கடை நீர் திரும்புவதற்கான பாதுகாப்பு பெரும்பாலும் தனிச் சேர்க்கையாகத்தான் வரும், கேட்டு வாங்க வேண்டும். குளிர்காலத்தில் சில நாட்களுக்கு மேல் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால், யாராவது வந்து பார்க்க வேண்டும் அல்லது தண்ணீரை அடைத்திருக்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் நிபந்தனை போடுகின்றன. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

வீட்டைப் பழுது பார்த்து வாழத் தகுந்த நிலையில் வைப்பது வீட்டுக்காரரின் கடமை என்று ஒன்டாரியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. வாடகை குறைவு, தெரிந்தவர் வீடு என்பதற்காக அந்தக் கடமை குறையாது. நம்மவர்கள் நம்மவர்களிடம் வாடகைக்கு இருக்கும்போதுதான் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். மேலே இருக்கும் அக்காவிடம் போய் எப்படிக் கேட்பது என்று தயங்குகிறோம். கேட்க வேண்டும், மரியாதையோடு, எழுத்தில்.

பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் நாம் தொலைபேசியில் என்ன கேட்கிறோம்? சாப்பிட்டாயா, குளிருக்குச் சட்டை போட்டாயா. இன்றைக்கு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள். தண்ணீரை அடைக்கிற வால்வு எங்கே இருக்கிறது என்று வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாவிட்டால், போய்த் தேடச் சொல்லிவிட்டு, கண்டுபிடிக்கும் வரை தொலைபேசியை வைக்காதீர்கள்.

அடுத்த ஞாயிறு சந்திப்போம்.